பாதாளக் கரண்டியும் கடல் ரோபோவும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ படிக்கிற பிள்ளை இருந்தால் மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சமுத்திரயான் பற்றிய செய்திகளை இப்போது நிறையப் பேர் அனுப்புகிறீர்கள். 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கி வண்டியில் மூன்று பேரை உட்காரவைத்து 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் திட்டம் அது. செய்வது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். என்ஐஓடி என்பார்கள், 1993-ல் தொடங்கியது. அந்த மூன்று பேரும் உட்காரப்போவது 2.1 மீட்டர் உள்விட்டமுள்ள ஒரு டைட்டானியம் உருண்டைக்குள். உருண்டையின் சுவர் 80 மில்லிமீட்டர் தடிமன். 6,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 600 கிலோ அழுத்தம். அதாவது நம் கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில் எட்டு மூட்டை நெல்லை அடுக்கியது போல.

செய்தியை அனுப்புகிறவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகளைப் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். எனக்கு வரும் கேள்வி வேறு. அந்த உருண்டையை வெல்டிங் செய்தது யார்? வயரை இழுத்து, முனையில் நீர் புகாமல் அடைத்தது யார்? அந்த மேசையில் ஒரு ஃபிட்டரும் ஒரு வெல்டரும் ஒரு எலக்ட்ரீஷியனும் இல்லாமல் எந்த வண்டியும் கடலுக்குள் போகாது. ஆனால் நம் ஊரில் ஐடிஐ என்றால், "வேற எதுவும் கிடைக்கல சார், அதான் போட்டோம்" என்று பெற்றோரே பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்கல்வி படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் படிப்பில் பிடிப்பு வரவேண்டுமானால், தண்ணீருக்குள் போகும் ஒரு ரோபோவை அவர்கள் கையாலேயே செய்யவைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் போதாது. தண்ணீருக்குள் போகவேண்டும்.

கன்னிவாடியிலிருந்து கடலுக்கு எந்தத் திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கே கடல் ரோபோ என்றால் சிரிப்பு வரும். அமெரிக்காவில் பீனிக்ஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது, பாலைவனத்துக்கு நடுவில். அங்கேயும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

அந்த ஊரின் மேற்குப் பக்கம், ஏழைகள் வாழும் பகுதியில், கார்ல் ஹேடன் என்று ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. 2004-ல் அந்தப் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள் கலிபோர்னியாவில் நடந்த மாணவர் நீர்மூழ்கி ரோபோ போட்டிக்குப் போனார்கள். நான்கு பேரும் மெக்சிகோவிலிருந்து பெற்றோருடன் வந்தவர்கள்; குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்கள். ஃப்ரெடி லஜ்வர்டி, ஆலன் கேமரூன் என்ற இரண்டு ஆசிரியர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தும், கல்லூரிகள் மோதும் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். எதிரில் எம்ஐடி. உலகத்திலேயே பேர்பெற்ற பொறியியல் கல்லூரி. இந்தப் பையன்கள் கொண்டுபோனது பிவிசி பைப்பை ஒட்டிச் செய்த ஒரு சட்டகம். ஒட்டும் பசையின் நாற்றம் தாங்காமல் அதற்கு 'ஸ்டிங்கி', அதாவது நாற்றம் பிடித்தது, என்றே பெயர் வைத்தார்கள். செலவு சுமார் 800 டாலர். எம்ஐடியினுடையது பதினோராயிரத்தைத் தாண்டியது.

போன இடத்தில் ரோபோவின் மின்பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. பிரித்து மறுபடி செய்ய நேரமில்லை. கசிவதை உறிஞ்ச ஏதாவது வைப்போம் என்று முடிவெடுத்து, பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் பஞ்சை வாங்கிவந்து உள்ளே அடுக்கினார்கள். கடையில் போய்க் கேட்க அந்தப் பையன் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பான் பாருங்கள்! பெட்டி பிழைத்தது. போட்டியில் அவர்களே முதலிடம். எம்ஐடி இரண்டாமிடம். ஜோஷுவா டேவிஸ் என்ற பத்திரிகையாளர் இதை எழுதி, 2015-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது.

சினிமாவில் வராத பகுதி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏன் தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் ஓடும் பொம்மைக் கார் சரியாக ஓடாவிட்டால் கையால் தள்ளிவிடலாம், கொஞ்சம் வளைந்து போனாலும் பரவாயில்லை என்று மதிப்பெண் போட்டுவிடலாம். தண்ணீரிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. பத்து மீட்டர் ஆழம் போனாலே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நம் பக்கம் கிணறுகள் அறுபது அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடியில், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள ஒரு சின்ன மூடியின் மேல் 180 கிலோ உட்காரும். மூடியில் திருகு ஒரு பக்கம் லூசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான். வண்டி ஐந்து கிலோ என்றால் அது ஐந்து லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும்; குறைந்தால் மூழ்கும், கூடினால் மிதக்கும். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஆர்க்கிமிடீஸ் இங்கே வந்து நிற்பார். ரிமோட் வேலை செய்யாது, ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது. ஜிபிஎஸ்ஸும் கிடையாது. எல்லாம் வயர் வழியாகத்தான். ஃபிட்டர் வேலை, எலக்ட்ரீஷியன் வேலை, கணக்கு, இயற்பியல் எல்லாம் ஒரே சட்டகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தனித்தனிப் பீரியடாகப் பிரிக்க முடியாது.

இது கடினமான வேலையும் இல்லை. 1997-லேயே கனடாக்காரர்கள் இரண்டு பேர், ஹாரி போமும் விக்கி ஜென்சனும், வீட்டிலேயே நீர்மூழ்கி ரோபோ செய்வது எப்படி என்று மாணவர்களுக்காகப் புத்தகம் எழுதிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எம்ஐடியில் 2003-ல் 'சீபெர்ச்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிவிசி பைப், மூன்று சின்ன மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். மோட்டாரை ஃபிலிம் டப்பாவுக்குள் வைத்து மெழுகு ஊற்றி அடைப்பார்கள். எம்ஐடி தன் மேதாவிகளுக்காக வைத்துக்கொள்ளவில்லை, சாதாரணப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு இது அந்நியமும் அல்ல. கிணற்றில் வாளி விழுந்தால் என்ன செய்வோம்? பாதாளக் கரண்டி. ஊரில் இரண்டு மூன்று வீட்டில்தான் இருக்கும், ஏதாவது ஒரு பொருளை அடகுபோல வைத்துவிட்டு வாங்கி வருவோம். கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணால் பார்க்காமல், கை உணர்வை மட்டும் வைத்து அடியில் துழாவி வாளியைக் கொக்கியில் மாட்டி எடுக்கிற வித்தை அது. கயிற்றுக்குப் பதில் மின்வயர், கை உணர்வுக்குப் பதில் கேமரா. என்ஐஓடியின் 'ரோசப் 6000' என்ற ரோபோ 2010-ல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை போய்வந்ததும் இதே தத்துவத்தில்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "ஆமால்ல சார்" என்கிறார்கள். அந்த "ஆமால்ல" தான் எனக்கு வேண்டியது.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பையன். எலக்ட்ரீஷியன் இரண்டாம் வருடம். ஐடிஐக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் கட்டப் போய்க்கொண்டிருந்தான். அவன் அம்மா வந்து, "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார், நாஞ் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றார். நான் புத்தி எதுவும் சொல்லவில்லை. புத்தி சொல்லி முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியாயிற்று, அதன் பலன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பழைய பிவிசி பைப் துண்டுகளைக் காட்டி, இதை வைத்துத் தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமாடா என்று கேட்டேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். படகில் சேரும் தண்ணீரை இறைக்கிற 12 வோல்ட் மோட்டார் மூன்று வரவழைத்தோம். மெக்கானிக் கடைகளில் என்ஜினுக்குள் விட்டுப் பார்க்கிற வயர் கேமரா ஒன்று. பைக் பேட்டரி இரவல். எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்குள்.

ஒரு நண்பரின் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டியில் இறக்கினார்கள். முதல் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் தலைகீழாகப் போனது. மிதப்பு மேலே, எடை கீழே இருக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. (தஞ்சாவூர்ப் பொம்மையைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது ஏன் விழுவதில்லை என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.) பிறகு நீளமான வயர் போட்டார்கள், மோட்டார் முக்கியது. பேட்டரி முனையில் 12 வோல்ட், மோட்டார் முனையில் 8 வோல்ட். எலக்ட்ரீஷியன் பையன் மீட்டரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "சார், லைன் கடைசியில இருக்கிற தோட்டத்து மோட்டார் மாதிரி இருக்கு சார்."

அவ்வளவுதான், பிடித்துவிட்டான். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 30 மீட்டர். போகவரக் கணக்கிட்டால் 60 மீட்டர், தடை சுமார் ஒரு ஓம். மோட்டார் நான்கு ஆம்பியர் இழுக்கிறது. நான்கு வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. ஓம் விதியை எழுதி அவன் தேர்வில் பாஸ் செய்தவன்தான். ஆனால் அது தன் கையில் இருக்கும் வயருக்குள் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டரை சதுர மில்லிமீட்டர் போட்டால் பத்து வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, வைண்டிங் கடையில் பழைய வயர் கேட்டு வாங்கி வந்தான். வயர் கனம் கூடி வண்டியை இழுக்க, தெர்மக்கோல் துண்டுகளைக் கட்டினார்கள்.

பிறகு அதே தோட்டத்துக் கிணறு. பிள்ளைகள் யாரும் இறங்கக் கூடாது, மேலே கைப்பிடிச் சுவருக்கு வெளியிலிருந்துதான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். கிணற்று மோட்டார் சரியாகத் தண்ணீர் எடுக்கவில்லை, ஆள் விட்டுப் பார்க்கவேண்டும் என்று நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விசிறி சேற்றைக் கிளப்பிவிட்டது. மறுநாள் காலை, கலங்கல் அடங்கிய பிறகு, மெல்ல இறக்கினார்கள். சல்லடையை ஒட்டி ஏதோ வெள்ளையாக ஆடியது. "அது சாக்குடா" என்றார் நண்பர். ரோபோவால் எடுக்க முடியவில்லை, பாதாளக் கரண்டியால் எடுத்தோம். ஆனால் எங்கே துழாவ வேண்டும் என்று சொன்னது அந்தப் பிவிசி வண்டி. ஆள் இறங்க வேண்டியிருக்கவில்லை. கிணற்றில் மோட்டார் பார்க்க இறங்கி உயிர்விட்டவர்கள் செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

பையன் திரும்ப ஐடிஐ போகிறான். லைட் கட்டவும் போகிறான். வீட்டு நிலைமை அப்படி.

இதையெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் தொட்டியில் செய்யவேண்டிய அவசியம் என்ன என்பதுதான் என் கோபம். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. அடல் டிங்கரிங் ஆய்வகம் என்று 2016 முதல் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது மத்திய அரசு. மாநில அரசு, டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியது. ரோபோக்களே வந்து இறங்கின. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நம்மூர் பூட்டு ஊர் அல்லவா! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. அந்தப் பூட்டு எங்கே நன்றாக வேலை செய்கிறது என்றால், ஆய்வகக் கதவில்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வேலையில் இருந்தவன். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நுண்ணோக்கி ஒன்று பதினான்கு வருடம் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. காரணம் ஸ்டாக் ரிஜிஸ்தர். பொருள் உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும், சில சமயம் கையிலிருந்து கட்ட வேண்டும். பயன்படுத்தாமலே துருப்பிடித்தால் ஒரு கேள்வியும் கிடையாது. இந்த விதி இருக்கும்வரை எத்தனை கோடிக்கு ரோபோ வாங்கினாலும் அதைப் பிள்ளைகள் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். வருடத்துக்கு இவ்வளவு தொகைக்கான பொருள் மாணவர் கையில் கெட்டுப்போகலாம், அதற்கு விளக்கம் தேவையில்லை என்று ஒரே ஒரு அரசாணை போடட்டும். புதிய கட்டிடத்தைவிட அது பெரிய உதவி.

இன்னொரு நோய், கிட். எல்லாம் வெட்டி, துளையிட்டு, பெட்டியில் வரும். அரைமணியில் மாட்டி, ஓடவிட்டு, போட்டோ எடுத்து, அதிகாரிக்கு அனுப்பியாயிற்று. அதில் பிள்ளை என்ன முடிவெடுத்தான்? ஒன்றும் இல்லை. கசியவில்லை, சாயவில்லை, முக்கவில்லை. கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இது புதிய உபதேசமா? 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்தது இதைத்தான், தொழில் வழியாகக் கல்வி. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியது இங்கே, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில். நூற்பையும் தோட்டத்தையும் வைத்துக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கலாம் என்றார்கள். நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் ஆதாரக் கல்வி என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக அதைப் படித்தோம். தக்ளியின் இடத்தில் இன்று ஒரு மோட்டார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பீனிக்ஸ் கதையில் விட்ட பகுதி. எம்ஐடியை வென்ற அந்த நான்கு பையன்களில் கிறிஸ்டியன் என்பவர் கல்லூரியில் சேர்ந்தார். 2006-ல் அரிசோனா மாநிலம் ஒரு சட்டம் போட்டது, காகிதம் இல்லாதவர்களுக்கு உள்ளூர்க் கட்டணச் சலுகை கிடையாது என்று. கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தினார். ஆஸ்கர் என்பவர் பொறியியல் பட்டம் முடித்தும் வேலை பார்க்க உரிமை இல்லாமல் மெக்சிகோவுக்குத் திரும்பிப் போய், பெரும்பாடுபட்டு மறுபடி வந்து, அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். ஆக, ரோபோ ஆர்வத்தைக் கிளப்பும், ஏணியைக் கொடுக்காது. ஏணி அரசு போடவேண்டியது.

அந்த விஷயத்தில் நாம் பீனிக்ஸைவிட மேல். ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கட்டணமும் அரசு கட்டுகிறது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். ஏணி நிற்கிறது, ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை டிரேடு தியரி நோட்டில் எழுதி வைக்க முடியாது.

"இதனால வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, உறுதி எதுவும் தரமாட்டேன். ஆனால் தண்ணீருக்குள் பார்க்கவேண்டிய வேலை நாட்டில் கூடிக்கொண்டே போகிறது. துறைமுகம், பாலத்தூண், அணை. முல்லைப் பெரியாறு அணையின் நீருக்குள் இருக்கும் முகப்பையே இப்படிப்பட்ட ரோபோ விட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியிலிருந்து கிளம்பிய பிளானிஸ் என்ற நிறுவனம் இதையே தொழிலாகச் செய்கிறது. அங்கே ரோபோவை வடிவமைப்பவர் ஒருவர் என்றால், தளத்தில் நின்று இறக்கி, இயக்கி, பழுது பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். வயர் முனையில் கசிவு வராமல் அடைக்கத் தெரிந்தவன் அங்கே உபயோகமான ஆள்.

என்ஐஓடிக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி மாணவர்களுக்காகத் தானியங்கி நீர்மூழ்கிப் போட்டி நடத்தியிருக்கிறீர்கள். ஐஐடி பம்பாய் போன்ற அணிகள் வந்தன. சந்தோஷம். ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கென்று ஒரு பிரிவு வையுங்கள். கம்ப்யூட்டர் மூளை எல்லாம் வேண்டாம், வயர் கட்டிய வண்டி போதும். செலவுக்கு உச்சவரம்பு ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துவிடுங்கள். சென்னைக்கு வரவைக்காமல் மண்டலத்துக்கு ஒரு நீச்சல்குளத்தில் நடத்துங்கள்.

ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர் நண்பர்கள் யாராவது செய்துபார்க்க நினைத்தால் இரண்டு விஷயம். வீட்டு மின்சாரத்தைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள், 12 வோல்ட் பேட்டரி மட்டும்; சார்ஜரைக்கூடத் தள்ளியே வையுங்கள். பிள்ளைகளைக் கிணற்றோரம் விடாதீர்கள், ஆறடித் தொட்டி போதும். எங்கள் வண்டியின் அளவுகளைப் பையன்கள் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்து கோழிக் கிறுக்கல், அளவுகள் சரி.

இந்தக் கோடையில் ஒரு கை பொருத்திப் பார்க்கிறோம் என்கிறார்கள், சாக்கை அதுவே எடுக்கவேண்டுமாம். கார் கண்ணாடி துடைப்பான் மோட்டார் பழையது இரண்டு தேவைப்படுகிறது. கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பையன்களை அனுப்புகிறேன்.